விளாவாத வெந்நீர்

மெட்டி கழலவே மாட்டேன் என்றது.

உடை மாற்றும் அறையில், மூங்கில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து கால்விரலைத் திருகிக்கொண்டிருந்தேன். இடது காலில் இருந்தது கொஞ்சம் மல்லுக்கட்டியதும் வந்துவிட்டது. வலது காலில் இருந்தது பதினொரு வருஷமாக அங்கேயே குடியிருந்து பழகியது. விரல் அதைச் சுற்றிப் பருத்துப்போயிருந்தது. சென்செய் பக்கத்தில் நின்றார். உடைகளையெல்லாம் மடித்துக் கூடையில் அடுக்கிவிட்டு, கைக்குட்டையைவிடச் சற்றே பெரிய துண்டு ஒன்றை மட்டும் பிடித்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல இயல்பாக நின்றார். நான் அவருடைய முகத்தைத் தவிர வேறெங்கும் பார்வை போய்விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளியா?"

"ஆமாம்."

"கந்தகத் தண்ணீர். கறுத்துப்போகும்."

கறுத்தால் கறுக்கட்டும் என்று அப்போதே விட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னால், மெட்டியோடு மல்லாடுகிற சாக்கில் இன்னும் ஐந்து நிமிஷம் உடுப்போடு இருக்கலாமே என்பதுதான் உள்ளுக்குள் ஓடிய கணக்கு.

சென்செய் என்றால் ஆசிரியர். டோக்கியோவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷிகசாயில்தான் எங்கள் வீடு. அங்கே வாரம் ஒருநாள் வெளிநாட்டுக்காரர்களுக்கு இலவசமாக ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறவர்களில் இவரும் ஒருவர். எழுபதை நெருங்குகிறார். நான்கு குளிர்காலம் இங்கே கழித்தும் ஒன்சென் என்கிற வெந்நீர் ஊற்றுக் குளியல் பக்கமே போனதில்லை என்று நான் சொன்னதை அவரால் நம்பமுடியவில்லை.

"உங்கள் ஊரில் மற்றவர்களோடு சேர்ந்து குளிக்கும் வழக்கமே இல்லையா?"

"ஆற்றில் குளித்திருக்கிறேன்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதை விளக்குகிற அளவுக்கு என் ஜப்பானிய மொழி அப்போது வளர்ந்திருக்கவில்லை. அப்படித்தான், பையனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு, ஜனவரியில் ஒரு நாள் உயெனோவிலிருந்து ரயில் ஏறினோம்.

ரயிலில் பாடம் தொடங்கிவிட்டது. கண்ட வெந்நீரையும் ஒன்சென் என்று சொல்லிவிட முடியாதாம். 1948இல் அதற்கென்று சட்டமே போட்டிருக்கிறார்கள். பூமியிலிருந்து வெளிவருகிற இடத்தில் தண்ணீர் 25 டிகிரி செல்சியஸாவது இருக்கவேண்டும். அது இல்லையென்றால், பட்டியலில் இருக்கிற 19 பொருள்களில் ஏதாவது ஒன்று போதிய அளவு கரைந்திருக்கவேண்டும். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எந்த மாதமும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. சட்டப்படி பார்த்தால் நான் பிறந்ததிலிருந்து ஒன்செனில்தான் குளித்துக்கொண்டிருக்கிறேன். இதைச் சொன்னதும் சென்செய் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த ஸ்டேஷன் வரை சிரித்தார்.

இரண்டரை மணி நேர ரயில், அப்புறம் அரை மணிக்குச் சற்றுக் குறைவாக பஸ். பஸ் மேலே ஏற ஏற வேலிக்கம்பிகள் பனிக்குள் மறைந்துகொண்டே வந்தன. குசாட்சு, கும்மா மாநிலத்து மலைகளுக்குள் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் என்று பார்த்தால் ஏற்காடு இதைவிட மேலே. ஆனால் இங்கே ராத்திரியில் மைனஸ் எட்டு சாதாரணம். ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் இலையுதிர் காலத்திலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இருக்கிற கிராமங்களுக்குப் போய்விடுவார்களாம். வசந்தத்தில்தான் திரும்புவது. மெய்ஜி காலம், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் அதுதான் நடைமுறை. வருஷம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரைப் பனியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு ஊரே இறங்கிப்போவதை நினைத்துப்பார்த்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் ஊர் தெரிந்தது. அவித்த முட்டையை வைத்து மறந்துபோன டிபன் பாக்ஸைத் திங்கட்கிழமை திறந்தால் வருமே, அந்த வாடை. இரண்டு தெரு இறங்கினால் ஊரின் நடுமத்தியில் யுபதாகே. பெயருக்கு வெந்நீர் வயல் என்று பொருள். வயல்தான். நிமிஷத்துக்கு நாலாயிரம் லிட்டர் போல ஊறிவருகிற தண்ணீர், ஏழு மரக் கால்வாய்களில் பிரிந்து ஓடி, கடைசியில் அருவியாகக் கீழே கொட்டுகிறது. மரம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகக் கந்தகம் படிந்திருக்கிறது. அதை அவ்வப்போது சுரண்டி எடுத்து, வீட்டுத் தொட்டியில் கரைத்துக் குளிக்கப் பொடியாக விற்கிறார்கள். கண்மாய்க் கரை மாதிரிச் சுற்றிவர நடைபாதை. இப்போதைய வடிவத்தை 1975இல் அமைத்துக் கொடுத்தவர் ஒகாமோதோ தாரோ. ஓசாகாவில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற சூரியக் கோபுரத்தைச் செய்தாரே, அதே சிற்பி.

ஊர் முழுவதுமாகச் சேர்த்தால் நிமிஷத்துக்கு 32,300 லிட்டர். பம்ப் வைத்து இறைக்காமல் தானாகப் பொங்கிவருவதில் ஜப்பானிலேயே இதுதான் முதலிடம். எடோ காலத்தில் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகன்களில் எட்டாமவரான தோகுகாவா யோஷிமுனே, இந்தத் தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பித் தன் அரண்மனைக்கே வரவழைத்தாராம். மலையிறங்கி அத்தனை தூரம் போய்ச் சேர்ந்தபோது அது ஆறித்தான் போயிருக்கும். திரும்பக் காய்ச்சியிருப்பார்கள். ராஜாக்கள் செய்கிற வேலை!

அந்த வயலுக்கு எதிரிலேயே ஒரு மரக் கட்டடம். யுமோமி என்ற ஒன்றை அங்கே செய்துகாட்டுகிறார்கள். சுற்றுலாக்காரர்களுக்கான காட்சி என்று அலட்சியமாகத்தான் உள்ளே போனேன்.

எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் என்றால் ஆச்சிதான் வெந்நீருக்கு அதிகாரி. அண்டாவிலிருந்து கொதிக்கக் கொதிக்க மொண்டு வாளியில் ஊற்றுவாள். அப்புறம் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விளாவுவாள். புறங்கையை வைத்துப் பார்ப்பாள். இன்னும் ஒரு செம்பு. மறுபடி புறங்கை. "ஏட்டி, விளாவி வச்சிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள வா" என்று குரல் வரும். வெந்நீர் என்றாலே பாதி பச்சைத் தண்ணீர் என்றுதான் எனக்குப் பழக்கம்.

இங்கே விளாவுவதில்லை. ஊறிவரும்போதே 50 டிகிரிக்கு மேல். அப்படியே இறங்கினால் தோல் வெந்துவிடும். பச்சைத் தண்ணீர் விட்டாலோ மருந்து நீர்த்துப்போகும். அதனால் ஆளுயரப் பலகைகளைத் தொட்டிக்குள் விட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே, வலமும் இடமுமாகப் புரட்டிப் புரட்டி ஆற்றுகிறார்கள். பலகை ஒன்று 180 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம். பரோட்டா மாஸ்டர் கையில் மாவு புரள்கிற மாதிரி தண்ணீர் புரள்கிறது. யுமோமி என்றாலே வெந்நீரைப் பிசைதல் என்றுதான் அர்த்தம். இப்படிப் பிசைந்து 48 டிகிரிக்குக் கொண்டுவந்து, தலையில் பல செம்பு ஊற்றிக்கொண்டு, தலைவர் ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கி, சரியாக மூன்று நிமிஷத்தில் ஏறுவது பழைய சிகிச்சை முறை.

பார்வையாளர்களும் பலகையைப் பிடித்துப் பார்க்கலாம் என்றார்கள். பிடித்தேன். உலக்கையைவிட மோசம். பத்துப் புரட்டலில் தோள் கழன்றுவிட்டது.

வெளியே வந்ததும் விளாவுதல் என்கிற சொல்லைச் சென்செய்க்குச் சொல்லிக்கொடுத்தேன். வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலப்பதற்கு மட்டுமே ஒரு வினைச்சொல். "விராவு" என்று சொல்லிப் பார்த்தார். அப்புறம் சட்டென்று நின்று, "எங்களிடமும் இருக்கிறது" என்றார். உமேரு. குழியைப் புதைத்து மூடுவதற்கும் அதே உமேருதான். குளிக்கிற வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விடுவதற்கும் அதேதான். பனி கொட்டுகிற தெருவில் நின்று ஆளுக்கொரு சொல்லை மாற்றிக்கொண்டோம்.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் இன்னொரு படி மேலே. மிசு என்றால் குளிர்ந்த நீர். யு என்றால் வெந்நீர். இரண்டும் இரண்டு பொருள்கள், பாலும் மோரும் மாதிரி. சூடான மிசு என்று யாரும் சொல்வதில்லை. நமக்கோ எல்லாமே தண்ணீர்தான். 'சுடுதண்ணீர்' என்று கட்டுரையில் எழுதியதற்கு ஏழாம் வகுப்புத் தமிழம்மா என் நோட்டைத் தூக்கிக் காட்டினார்: "தண்மை என்றால் குளிர்ச்சி. சுடுகிற குளிர்ந்த நீர் எந்த ஊர்லம்மா இருக்கு?"

சரி, மெட்டிக்கு வருகிறேன்.

தாமிரபரணிப் படித்துறையில் பெண்கள் குளிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றி முடிந்துகொண்டு இறங்குவார்கள். கரையேறியதும் உலர்ந்த பாவாடையைத் தலைவழியாகப் போட்டு, நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஈரத்தை நழுவவிட்டு, அதைக் கால் விரலாலேயே ஒதுக்கி, நிமிரும்போது முழுசாக உடுத்தியிருப்பார்கள். எதிர்க்கரையில் திருவிழாவே நடந்தாலும் தோளையும் கணுக்காலையும் தவிர எதுவும் வெளியே தெரியாது. ஆச்சி இதில் கைதேர்ந்தவள். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்தாலும் உடம்பில் ஒரு துணி இருக்கவேண்டும் என்பது அவள் சட்டம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "தண்ணி பாத்துக்கிட்டு இருக்கும்ட்டி" என்பாள்.

இங்கே அப்படியே தலைகீழ். துணிதான் அழுக்கு. கையில் இருக்கிற அந்தச் சின்னத் துண்டின் நுனிகூடத் தொட்டியில் படக்கூடாது. எதை மூடினால் மரியாதை என்று பழகினேனோ அதை இங்கே மூடினால் அவமரியாதை.

கடைசியில் வலது கால் மெட்டியை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டேன். தாலிக்கொடியைக் கழற்றவில்லை. தங்கம் தாங்கும் என்றார் சென்செய். கழற்றச் சொன்னாலும் கழற்றியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். மற்றதெல்லாம் கூடைக்குப் போனது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் ஏழெட்டுப் பெண்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அத்தனை பதற்றத்துக்கு அப்புறம் இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

முதலில் தேய்த்துக் குளிக்கவேண்டும். நம் மணைப் பலகையைவிடச் சற்று உயரமான முக்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, நுரை ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவவேண்டும். தொட்டி அழுக்குப் போக்குவதற்கு இல்லை, ஊறுவதற்கு. எனக்கு வலதுபக்கத்தில் ஒரு பாட்டி, வயிற்றில் மேலிருந்து கீழாக நீண்ட தழும்போடு, பாத்திரம் தேய்க்கிற மும்முரத்தில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப்பக்கம் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஏதோ தேர்வைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். என் சிசேரியன் தழும்பை இத்தனை வெளிச்சத்தில் நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். பத்து வருஷத்தில் வெளுத்து, நூல் மாதிரி ஆகியிருந்தது.

அப்புறம் வெளித்தொட்டி. கதவைத் திறந்ததும் குளிர் அறைந்தது. தொட்டிக்கு நாலே எட்டுத்தான், ஆனால் அந்த நாலு எட்டில் ஆச்சி, சட்டம், தமிழ்ப் பண்பாடு எல்லாம் பறந்துபோயிற்று. வெட்கப்படுவதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் சூடு வேண்டியிருக்கிறது. குடுகுடுவென்று ஓடிக் காலை விட்டேன்.

எரிச்சல்!

சூட்டால் இல்லை. குளிர்காலம் முழுக்க என் குதிகாலில் பித்தவெடிப்பு. குசாட்சுத் தண்ணீரின் புளிப்பைக் காட்டுகிற பிஎச் அளவு 2.1 என்று வாசலிலேயே எழுதிவைத்திருந்தார்கள். ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு. வெடிப்புக்குள் எலுமிச்சை பிழிந்தால் எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பு வரை, தோள் வரை இறங்கினேன். அரை நிமிஷத்தில் எரிச்சல் அடங்கி, கால் கை எல்லாம் யாரோ ஊசியால் மெல்லத் தட்டுவதுபோல மதமதத்தது. வேர்வை என்று நினைத்து ஈரக் கையால் கண்ணைத் துடைத்தது அடுத்த தப்பு.

துண்டை நாலாக மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னார் சென்செய். என்னுடையது சரிந்து சரிந்து விழப் பார்த்ததால் முண்டாசு மாதிரிக் கட்டிவிட்டார். கழுத்துக்குக் கீழே 42 டிகிரி. காதுக்கு மேலே மைனஸ். பனித்துகள்கள் ஆவிக்குள் நுழைந்ததுமே காணாமல்போயின. ஒன்றே ஒன்று என் மூக்குநுனி வரை வந்து சேர்ந்தது. முன்நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியைத் தொட்டால் குச்சி மாதிரி விறைத்திருந்தது. தொட்டியின் விளிம்பில் இருந்த கல்லில் ஒரு சாண் பனி, நேற்றுச் சுட்ட இட்லி போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் என்று பார்த்தால் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு.

சென்செய் முதுகைக் கல்லில் சாய்த்து, கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து "ஆ...." என்றார். வகுப்பில் ஒரு உயிரெழுத்தைக்கூட நீட்டிச் சொல்ல விடாதவர். அப்புறம் கேட்காமலே பேச ஆரம்பித்தார். கணவர் போன வருஷம் இறந்ததை, அவரோடு வருஷாவருஷம் இந்த ஊருக்கு வந்ததை, சுவருக்கு அந்தப்பக்கம் ஆண்கள் தொட்டியிலிருந்து அவர் இருமினால் தான் கிளம்பவேண்டும் என்று அர்த்தம் என்பதை. நான்கு வருஷம் மேஜைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். இதில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப்பக்கமே திரும்பவில்லை.

நான் எழுந்தது ரொம்ப வேகம். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாட்டி ஒருத்தி என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்து, "மெதுவாக, மெதுவாக" என்றாள். எலும்பு வரை ஏறின சூடு, யுகாதா என்கிற பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு அறைக்கு நடந்தபோதும் இறங்கவில்லை. யுகாதாவில் வலது மடிப்பை மேலே போட்டிருந்தேன். சென்செய் பதறிப்போய் மாற்றிக்கட்டிவிட்டார். அது பிணத்துக்கு உடுத்துகிற முறையாம்.

மறுநாள் காலை ஊர்க்காரர்கள் குளிக்கிற பொதுக் குளியல் ஒன்றுக்குப் போனோம். இந்த மாதிரி ஊரில் நிறைய இருக்கின்றன, மூன்றில் வெளியாரும் காசில்லாமல் இறங்கலாம். சின்ன மரக் கொட்டகை. சோப்பு, ஷவர், கண்ணாடி எதுவும் கிடையாது. தொட்டியிலிருந்தே மொண்டு ஊற்றிக்கொண்டு இறங்கவேண்டியதுதான். ஊற்றிப் பார்த்தேன். உயிர் போய்விட்டு வந்தது. மூலையில் ஒரு பச்சைத் தண்ணீர்க் குழாய் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, நானும் அந்தப்பக்கம் பார்க்காதது போலத்தான் பார்த்தேன். கழுத்து வரை மூழ்கியிருந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி என்னையும் குழாயையும் ஒரு தடவை மாறிமாறிப் பார்த்துவிட்டு, "உமேமாஷோ கா?" என்றாள்.

விளாவட்டுமா?

ஆச்சி செத்து ஆறு வருஷம் ஆகிறது. வேண்டாம் என்று தலையாட்ட நினைத்தேன், முடியவில்லை. பாட்டி என் பக்கமாகக் குழாயைத் திறந்து, புறங்கையை விட்டுப் பார்த்து, மூடினாள். ஒரு செம்பு அளவு இருக்கும். மூலையில் ஒரு சாண் இடம் மட்டும் எனக்காகக் கொஞ்சம் ஆறியது. அங்கேயே குந்திக்கொண்டேன்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு இடத்துக்கும் போகவேண்டும் என்றார் சென்செய். பூங்காவில் இருக்கிற எர்வின் பெல்ட்ஸ் சிலையாக இருக்கும் என்று நினைத்தேன். 1876இல் டோக்கியோவுக்கு மருத்துவம் கற்பிக்க வந்து, இந்தத் தண்ணீரின் பெருமையை வெளிநாட்டுக்கெல்லாம் எடுத்துச் சொன்ன ஜெர்மானிய டாக்டர். அது இல்லை. ஊருக்கு வெளியே, பனி மூடிய காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம்.

தோல்நோய்க்குக் குசாட்சுத் தண்ணீர் நல்லது என்று தொழுநோயாளிகள் இங்கே திரண்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று 1887இல் தனிக் குடியிருப்பு ஒதுக்கினார்கள். 1932இல் அரசுக் காப்பகம் வந்தது. வந்தவர்களை அதற்குள் அடைத்தார்கள். பணியாதவர்களைத் தண்டிக்க 1938இலிருந்து 1947 வரை ஒரு தனிச்சிறை. 93 பேரை அடைத்ததில் 23 பேர் செத்திருக்கிறார்கள். கணப்பு கிடையாது, இந்தக் குளிருக்கு. கொட்டடி ஒன்றை அதே அளவில் திரும்பக் கட்டி வைத்திருந்தார்கள். சோறு தள்ளுகிற பொந்துக்கு எதிரில் நின்றபோது என் உடம்பில் காலைச் சூடு இன்னும் மிச்சமிருந்தது, அதுவே கூச்சமாக இருந்தது. நேற்று ராத்திரி தழும்புகளோடு கவலையில்லாமல் உட்கார்ந்திருந்த அதே தண்ணீர். எந்தத் தழும்பு உள்ளே வரலாம் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். குளிக்கக் கூட்டிவந்தவர் இதையும் காட்டாமல் அனுப்பவில்லை என்பதற்காக சென்செய்மேல் மரியாதை இரண்டு மடங்காயிற்று.

பஸ் இறங்குகிற வழியில் ஆற்றைக் காட்டினார். ஊரிலிருந்து வடிகிற அமிலத்தில் ஒரு காலத்தில் மீனே இருந்ததில்லை. 1964இலிருந்து இரவும் பகலுமாகச் சுண்ணாம்புக்கல் பொடியை ஆற்றில் கரைத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். மடியில் யுபதாகே பக்கத்தில் வாங்கிய மன்ஜு பெட்டி. உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம், வெளியே பழுப்பு மாவு. எண்ணெய்ச் சட்டியை எட்டிக்கூடப் பார்க்காத சுகியன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால், வலது கால் மெட்டி அடுப்புக்கரி. இடது கால் மெட்டி கூடையில் கிடந்த புண்ணியத்தில் பளபளவென்று இருந்தது. வெள்ளி விளக்குக்குச் செய்வதுபோலத் திருநீற்றைக் குழைத்துத் தேய்த்தேன். மேல்பக்கம் வெளுத்தது, பூ வேலைப்பாட்டின் இடுக்குகளில் கறுப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. "ஏட்டி, மெட்டி ரெண்டும் ரெண்டு நெறமா இருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். பனியை, கந்தகத்தை, பலகையால் வெந்நீரைப் பிசைவதை.

"அம்புட்டுப் பொம்பளைகளும் ஒரே தொட்டியிலயா? என்னத்தக் கட்டிக்கிட்டுக் குளிச்சே?"

"துண்டு கட்டியிருந்தேம்மா" என்றேன்.

பொய் இல்லை. தலையில்தான் கட்டியிருந்தேன்.